தாண்டிக்குடி மலையில கேம்ப், அடிவாரக் கண்மாயில தூண்டில்: கம்மி செலவுல குடும்பத்தோட மீன் பிடிக்க இடம் தேடினது முழு விவரம்

பழனி மலைப் பக்கம் குடும்பத்தோட டென்ட்ல தங்கணும், பக்கத்துலயே பிள்ளைங்க தூண்டில் போடணும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது, அப்படி இடம் இருக்கான்னு நிறைய பேர் கேக்குறாங்க. இருக்கு. ஆனா தங்குற இடத்தையும் மீன் பிடிக்கிற இடத்தையும் ஒரே இடத்துல தேடினா மாட்டாது. தங்குறது மலையில, தூண்டில் போடுறது அடிவாரத்துலன்னு ரெண்டா பிரிச்சதுக்கு அப்புறம்தான் எங்களுக்கு எல்லாமே சரியா அமைஞ்சது. போன பொங்கல் லீவுக்கு எங்க வீட்டு ஆளுங்களுக்காக நான் பண்ணின ஏற்பாடு இது, எதை எல்லாம் பாத்தோம், எதை ஏன் விட்டோம், கடைசியில என்ன ஆச்சு, எவ்வளவு காசு ஆச்சுன்னு வரிசையா சொல்றேன், அடுத்து போறவங்களுக்கு அலைச்சல் மிச்சமாகும்.

முதல்ல ஆளுங்க யாருன்னு சொல்லிடுறேன், ஏன்னா இடம் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணமே அதுதான். நாங்க திண்டுக்கல்ல இருக்கோம். அக்கா, மாமா, அவங்க பையன், பொண்ணு நாலு பேரும் சென்னையில. அக்கா பையனுக்கு 12 வயசு, வீடியோ பாத்துப் பாத்து மீன் பிடிக்கிற ஆசை தலைக்கு ஏறி ரீல் ராடு வேணும்னு அடம். என் பொண்ணுக்கு 6 வயசு. அப்பாவுக்கு 70 தாண்டிருச்சு, முழங்கால் வலி, ஆனா சின்ன வயசுல ஊர்க் கண்மாயில தூண்டில் போட்டே வளந்தவரு, பேரப்பிள்ளைங்களுக்கு அதைக் காட்டணும்னு அவருக்கு உள்ளுக்குள்ள பெரிய ஆசை. அக்காவும் என் வீட்டுக்காரியும் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாங்க, சுத்தமான பாத்ரூம், வெந்நீர், ராத்திரி பயமில்லாம தூங்கணும். ஆக ஆறு வயசுப் பிள்ளை கரையில நிக்கிற மாதிரி தண்ணி வேணும், எழுவது வயசுக்காரர் கார்ல இருந்து இறங்கி பத்து அடி நடந்தா கரை வரணும்.

எல்லாரும் முதல்ல யோசிக்கிறது கொடைக்கானல் ஏரிதான். நாங்களும் அங்க இருந்துதான் ஆரம்பிச்சோம். 1863ல லெவிஞ்சுன்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓடையை மறிச்சு உண்டாக்கின ஏரி அது, இப்ப நகராட்சி கையில இருக்கு, தூண்டில் போடணும்னா மீன்வளத்துறை கிட்ட அனுமதி வாங்கணும். அனுமதி வாங்கிடலாம்னே வெச்சுக்குவோம், லீவு நாள்ல ஏரியைச் சுத்தி சைக்கிள், குதிரை, படகுன்னு நிக்க இடம் இருக்காது, அந்தக் கூட்டத்துல ஆறு வயசுப் பிள்ளை கையில முள்ளு மாட்டின தூண்டிலைக் குடுக்க எனக்கு மனசு வரல. அதை விட பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. கொடைக்கானல்ல இருந்த தெர்மாமீட்டர் ஃபேக்டரி பாதரசக் கழிவுப் பிரச்சினையில 2001ல மூடினது எல்லாருக்கும் தெரியும். 2006ல வெளிவந்த ஒரு ஆய்வுல கொடை ஏரித் தண்ணியிலயும் அடிமண்ணுலயும் மீன்லயும் பாதரசம் இருக்குன்னு அளந்தே சொன்னாங்க. பாதரசம் மீன் உடம்புல சேந்துகிட்டே போற சாமான், வளர்ற பிள்ளைங்க நரம்புக்கு அது ஆகாது. அந்த ஏரி மீனை வறுத்து பிள்ளைங்க தட்டுல வைக்க மாட்டேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஏரியைச் சுத்தி நடங்க, படகுல போங்க, அழகான ஏரி. மீனுக்கு வேற இடம் பாருங்க.

அடுத்து பேரிஜம். அங்க உள்ள போறதுக்கே வனத்துறை பர்மிட், பெரியகுளத்துக்குக் குடிதண்ணி போற ஏரி, அதுல தூண்டில் பேச்சே எடுக்கக் கூடாது. மன்னவனூர் ஏரி வனத்துறையோட சூழல் சுற்றுலா இடம், பரிசல்ல போகலாம், புல்வெளி இருக்கு, பக்கத்துலயே மத்திய அரசோட ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கு, பிள்ளைங்களுக்கு ஒரு நாள் பொழுது போறதுக்கு அருமை, ஆனா அதுவும் வனத்துறை இடம்.

சரி, காட்டு ஓடைன்னு ஒண்ணு இருக்கே, யாரு பாக்கப் போறான்னு மாமா கேட்டாரு. பாப்பாங்க. 2013ல இருந்து கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம்னு 600 சதுர கிலோமீட்டருக்கு மேல அறிவிச்சிருக்காங்க. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாம மீன் பிடிக்கிறது 1882ஆம் வருஷத்துச் சட்டத்துல இருந்தே குத்தம். சட்டத்தை விடுங்க, காட்டு மாடு தண்ணிக்கு இறங்குற ஓடையில பிள்ளைங்களை வெச்சுகிட்டு முதுகைக் காட்டி உக்காந்திருக்க முடியுமா?

மாமாவுக்கு ட்ரவுட் ஆசை வேற இருந்துச்சு, நீலகிரி போயிடலாமான்னாரு. ட்ரவுட் குளுந்த ஓடுற தண்ணி மீன், நம்ம ஊர் மீனே கிடையாது. 1900களோட ஆரம்பத்துல ஹென்றி சார்ல்டன் வில்சன்னு ஒருத்தர்தான் ரெயின்போ ட்ரவுட்டைக் கொண்டாந்து நீலகிரியில நிலைக்க வெச்சாரு, 1907ல அவலாஞ்சியில குஞ்சு பொரிப்பகம் வந்துச்சு. ஆனா அந்தத் தண்ணி எல்லாம் இன்னைக்கு எங்க இருக்குன்னு பாருங்க. முக்குருத்தி 1990ல தேசியப் பூங்கா ஆயிடுச்சு, அவலாஞ்சிக்குள்ள வனத்துறை வண்டியில சுத்திப் பாத்துட்டு வரலாம் அவ்வளவுதான். முதுமலை, மாயாறு எல்லாம் புலிகள் காப்பகம். சீகூர் பக்கம் யானை வழித்தடத்துல இருந்த ரிசார்ட்டுங்களை உச்ச நீதிமன்றம் 2018ல சீல் வைக்கச் சொன்னதையும் பாத்தோம். யானை நடக்குற பாதையில டென்ட் போட்டு மீன் பிடிக்கலாம்னு யாராவது விளம்பரம் பண்ணினா அந்தப் பக்கமே போகாதீங்க, எவ்வளவு மலிவா இருந்தாலும் சரி.

இதுக்கெல்லாம் நடுவுல "கேம்ப்பிங் ப்ளஸ் ஃபிஷிங்" பேக்கேஜ் போடுறவங்க சில பேருக்கு ஃபோன் பண்ணினேன். தலைக்கு இரண்டாயிரத்துக்கு மேல சொன்னாங்க, பிள்ளைங்களுக்கும் பாதி. எந்தத் தண்ணியில சார் மீன் பிடிக்கிறதுன்னு கேட்டா "அதெல்லாம் நம்ம இடம்தான், வாங்க பாத்துக்கலாம்"னு ஒரே பதில். அந்தத் தண்ணி யாரோடது, யார் அனுமதி குடுத்தாங்கன்னு திரும்பக் கேட்டா பேச்சு மாறிடுச்சு. அப்பதான் எனக்குத் தெளிவாச்சு, மீன் எங்க இருக்குன்னு தேடுறதுக்கு முன்னாடி தண்ணி யார் கையில இருக்குன்னு தேடணும். மலை மேல இருக்கிற தண்ணி வனத்துறை கையிலயோ, நகராட்சி கையிலயோ, குடிதண்ணித் திட்டத்துலயோ இருக்கு. அடிவாரத்துக்கு வந்தா கதையே வேற, அங்க கண்மாய், குளத்துக்கு எல்லாம் மீன்பாசி குத்தகைன்னு ஒண்ணு உண்டு, அதாவது அந்தத் தண்ணியில மீன் வளத்துப் பிடிக்கிற உரிமை, ஏலம் எடுத்த ஆளு ஊருக்குள்ளயே இருப்பாரு, நேர்ல பேசலாம், அவரு சரின்னா சரி.

இதை அப்பா கிட்ட சொன்னப்ப சிரிச்சுட்டு, "இதைத்தானடா நான் முதல்லயே சொன்னேன், கண்மாய்க்குப் போலாம்னு"ன்னாரு.

அப்புறம் வேலை சுலபமாச்சு. கீழ் பழனி மலையில தாண்டிக்குடி, பெரும்பாறை, பண்ணைக்காடு பக்கம் காப்பி, மிளகு, ஆரஞ்சுத் தோட்டங்களுக்குள்ள தங்குற இடங்கள் இருக்கு. கொடைக்கானல் கூட்டம் இந்தப் பக்கம் வர்றதில்ல. வத்தலக்குண்டுல இருந்து பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வழியா மலை ஏறுற ரோடு, கீழ தென்னந்தோப்பு, ஏற ஏற காப்பித் தோட்டம், பொங்கல் சமயத்துல போனா காப்பிப் பழம் பறிச்சு களத்துல காயப் போட்டிருக்கிறதை வழி எல்லாம் பாக்கலாம். தைப்பூசத்துக்கு பழனி பாதயாத்திரை போறவங்க திண்டுக்கல்–பழனி ரோடு முழுக்க நடப்பாங்க, அந்த நேரத்துல கார் ஓட்டுறது ரொம்பப் பொறுமையான வேலை, வத்தலக்குண்டு வழியா வந்தா அந்த நெரிசல் தப்பும்.

கேம்ப் சைட்டுன்னு நாங்க எடுத்தது ஒரு காப்பித் தோட்டக்காரர் வீட்டை ஒட்டின இடம். ஓனர் குடும்பம் அதே இடத்துல குடியிருக்கு, இது எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுச்சு, ஏன்னா ராத்திரி யானை வந்தா என்ன பண்ணணும்னு தெரிஞ்ச மனுஷங்க கூப்பிடுற தூரத்துல இருக்காங்க. டென்ட் மூணு, வீட்டுச் சுவரை ஒட்டி, சுத்தி வேலி. ரெண்டு பாத்ரூம், விறகு அடுப்புல வெந்நீர். அப்பாவுக்கு மட்டும் வீட்டுக்குள்ள கட்டில் போட்டுக் குடுத்தாங்க, தரையில படுத்தா முழங்கால் மடக்க முடியாது அவருக்கு. பதிவு பண்ணின இடமா, டென்ட் போட அனுமதி இருக்கான்னு கேட்டேன், பேப்பரை எடுத்துக் காட்டினாரு. கேக்கக் கூச்சப்படாதீங்க, அனுமதி இல்லாத டென்ட்டை அதிகாரிங்க வந்து பிரிச்சா நடுராத்திரி பிள்ளைங்களோட ரோட்டுலதான் நிக்கணும்.

இப்ப தண்ணிக்கு வர்றேன். அடிவாரத்துல நாலு இடம் பாத்தோம்.

அய்யம்பாளையம் பக்கத்துல மருதாநதி அணை, 74 அடி உயரம், பின்னாடி முழுசா மலை, பாக்கவே கண்ணுக்கு நிறைவா இருக்கும். வடகிழக்குப் பருவமழை நல்லா பேஞ்சா பொங்கலுக்குத் தண்ணி நிறைஞ்சு நிக்கும். ஆனா அணைக்கரை சரிவு, இறங்கினதும் ஆழம், ஷட்டர் பக்கம் போகவே கூடாது. பெரியவங்க மட்டும்னா யோசிக்கலாம், எங்க கூட்டத்துக்கு ஒத்து வரல, பாத்து ரசிச்சுட்டு வந்துட்டோம். ஆத்தூர் காமராஜர் அணை இன்னும் அகலமானது, ஆழமும் கம்மி. பெரும்பாறை கிட்ட புல்லாவெளி அருவியில விழுற தண்ணிதான் குடகனாறா ஓடி அங்க சேருது. ஆனா அது திண்டுக்கல் ஊருக்கே குடிதண்ணி, எங்க வீட்டுக் குழாய்ல வர்றதும் அதுதான். அதுல ஆளாளுக்கு மாவு உருண்டையைத் தூக்கிப் போடுறது எனக்குப் பிடிக்கல.

மூணாவது ஒரு தென்னந்தோப்புல பண்ணைக்குட்டை. தோப்புக்காரர் நல்ல மனுஷன், காசே வேண்டாம் வந்து பிடிச்சுக்கோங்கன்னாரு. குட்டை முழுக்க மீன், மேல வந்து வாயைத் திறக்குறது தெரியுது. ஆனா அது பிளாஸ்டிக் ஷீட் விரிச்ச குட்டை. இதை மட்டும் தயவு செஞ்சு கவனிங்க. அந்த ஷீட்டு மேல பாசி படிஞ்சு எண்ணெய் தடவின மாதிரி இருக்கும், நாலு பக்கமும் சரிவு, உள்ள விழுந்தா நீச்சல் தெரிஞ்ச பெரிய ஆளே பிடிமானம் இல்லாம ஏற முடியாது, பிள்ளைங்க கதி கேக்கவே வேண்டாம். காப்பாத்தப் போனவங்களும் சேந்து போன செய்தி எத்தனை படிச்சிருக்கோம். பாக்குறதுக்கு சின்னதா, பத்திரமா தெரியுது, அதனாலதான் இன்னும் ஆபத்து. தோப்புக்காரர் கிட்ட நன்றி சொல்லிட்டு, நாலு மூலையிலயும் முடிச்சுப் போட்ட கயிறு கட்டித் தொங்க விடுங்கண்ணேன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்.

நாலாவதுதான் நாங்க எடுத்தது, சித்தரேவு சுத்துவட்டாரத்துல ஒரு கண்மாய். பேரை வேணும்னேதான் எழுதல, சின்னக் கண்மாய் அது, ஒரே நேரத்துல நாப்பது கார் போய் நின்னா ஊர்க்காரங்களுக்குத் தொந்தரவு, குத்தகைக்காரரும் அப்புறம் யாரையும் விட மாட்டாரு. இந்தப் பக்கம் இது மாதிரி பல கண்மாய் இருக்கு, கேட்டா சொல்லிடுவாங்க. ஒரு பக்கம் கரை, கரை மேல கார் போற அளவு பாதை, புளியமர நிழல். எதிர்ப்பக்கம் தண்ணி வர்ற ஓரம் மெதுவா சரியுற களி இல்லாத சரளைத் தரை, முழங்கால் தண்ணி பத்து எட்டு தூரத்துக்குப் போகுது. இந்தத் தரையை நான் முந்தின வாரமே போய் கம்பால குத்திப் பாத்துட்டு வந்தேன். கண்மாய், அணை எதுன்னாலும் தண்ணி வத்தின ஓரத்துல மேல காஞ்ச மாதிரி தெரியும், காலை வெச்சா தொடை வரைக்கும் சகதி இழுக்கும், அதனால பிள்ளைங்களை இறக்குறதுக்கு முன்னாடி கம்பு வெச்சுப் பாக்கணும்.

குத்தகைக்காரர் கிட்ட பேசினது ரெண்டே நிமிஷம்.

"அண்ணே, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து தூண்டில் போட்டுக்கலாமா?"

"தூண்டில்தானே தம்பி? வலை, கிலை இல்லையே?"

"இல்லண்ணே, மூணு நாலு தூண்டில்."

"போடுங்க. தூண்டிலுக்கு நூறு ரூவா குடுத்துருங்க, எடுத்துட்டுப் போற மீனை எடை போட்டுக்குவோம். காவக்காரர் இருப்பாரு, அவரு சொல்ற இடத்துல மட்டும் நில்லுங்க. குஞ்சு மீனு வந்தா திரும்ப விட்ரணும்."

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அந்த ஆளு காசு போட்டு குஞ்சு விட்டு வளக்குறாரு, நாம கேட்டு, காசு குடுத்து பிடிக்கிறோம், யாரும் யாருக்கும் ஒளிஞ்சு நிக்க வேண்டியதில்ல. பிள்ளைங்க கண்ணு முன்னாடி இது நடக்கணும்னு நான் நெனச்சேன்.

சாமான் விஷயத்துல அக்கா பையனுக்கும் தாத்தாவுக்கும் பெரிய விவாதம். அவனுக்கு ஆன்லைன்ல வாங்கின ரீல் ராடு. அப்பாவுக்கு மூங்கில் கம்பு, தங்கூஸ் நரம்பு, சின்ன முள்ளு, ஈயக்குண்டு, தக்கைக்கு சோளத்தட்டையோட நெட்டி. வத்தலக்குண்டு கடையில நரம்பு, முள்ளு, ஈயம் எல்லாம் சேத்தே இருநூறு ரூபாய் தாண்டல. பிள்ளைங்க தூண்டில் முள்ளுல இருக்கிற எதிர்முள்ளை எல்லாம் குறடால நசுக்கி விட்டுட்டேன். மீன் கொஞ்சம் நழுவும், ஆனா முள்ளு விரல்ல ஏறினா இழுத்த உடனே வந்துரும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். இரைக்கு மண்புழு கேம்ப் சைட்டு சாணிக் குழியிலயே கிடைச்சுது, கூட மைதாவும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து பிசைஞ்ச மாவு.

காலையில ஆறு மணிக்கே போகணும்னு பையன் குதிச்சான். தை மாசப் பனியில தண்ணி சில்லுனு கிடக்கும், ஜிலேபி மீனு வெதுவெதுப்பு தேடுற சாதி, வெயில் ஏறாம அது வாயே திறக்காது, வெயில் விழுந்த ஆழம் கம்மியான ஓரத்துக்குத்தான் வரும்னு அப்பா சொல்லி, சாவகாசமா இட்லி சாப்பிட்டு ஏழரைக்குக் கிளம்பினோம். மலை இறங்க முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சு, கொண்டை ஊசி வளைவுல அக்கா பொண்ணு வாந்தி, எலுமிச்சம்பழம் கையிலயே வெச்சிருங்க. கண்மாய்க்குப் போய்ச் சேரும்போது கரை முழுக்க வெயில்.

அப்பா முதல்ல தூண்டிலைத் தொடவே இல்ல. மாவை கடலை அளவு உருட்டி, ஒரே இடத்துல, ஒண்ணு ஒண்ணா தண்ணியில போட்டுகிட்டே இருந்தாரு. பையனுக்குப் பொறுமை இல்ல, ரீலைச் சுழட்டி நடுக் கண்மாய்க்கு வீசுறான், இழுக்குறான், வீசுறான், இழுக்குறான். கொஞ்ச நேரத்துல அப்பா போட்ட இடத்துல தண்ணி லேசா கலங்குச்சு, குமிழி வந்துச்சு. அப்பதான் என் பொண்ணு கையில கம்பைக் குடுத்து, மாவை முள்ளு முனை தெரியாத அளவு மூடி, தக்கையை அந்தக் கலங்கல் ஓரத்துல இறக்க வெச்சாரு.

"தக்கை ஆடும், ஆடினா இழுக்காத. மீனு மோந்து பாக்குது. தக்கை ஒரு பக்கமா நடக்க ஆரம்பிக்கும் பாரு, அப்ப தூக்கு."

தக்கை ஆடுச்சு. நின்னுச்சு. மறுபடி ரெண்டு துடிப்பு. அவ மூச்சைப் பிடிச்சுகிட்டு தாத்தா முகத்தையே பாக்குறா. தக்கை உள்ள முங்கவே இல்ல, அப்படியே சாஞ்சு வலது பக்கம் நகந்துச்சு, "ம்"னு மட்டும் சொன்னாரு, அவ ரெண்டு கையாலயும் தூக்குனதுல மீனு தலைக்கு மேல பறந்து பின்னாடி புல்லுல விழுந்துச்சு. உள்ளங்கை அகல ஜிலேபி. அந்தச் சத்தம் கேட்டு காவக்காரர் ஓடி வந்துட்டாரு, என்னமோ ஏதோன்னு.

ஜிலேபியை எடுக்குறதுக்கு ஒரு முறை இருக்கு, முதுகுல வரிசையா முள்ளு விறைச்சுகிட்டு நிக்கும், தலைப் பக்கத்துல இருந்து கையை வழிச்சு முள்ளைப் படுக்க வெச்சுப் பிடிக்கணும், வால் பக்கத்துல இருந்து பிடிச்சா உள்ளங்கையில ஏறிரும். கெளுத்தி மாட்டினா பிள்ளைங்க தொடவே கூடாது, பெரியவங்களும் துணியால பிடிங்க, அந்த முள்ளு குத்தினா வலி உயிர் போகும், குத்தின இடத்தை பொறுக்குற சூட்டுல வெந்நீர்ல முக்கி வெச்சா வலி அடங்கும். எங்களுக்கு ஒரு கெளுத்தி வந்துச்சு, காவக்காரரே வந்து கழட்டிக் குடுத்தாரு.

பத்தரை மணி வரைக்கும் ஜிலேபி நல்லா எடுத்துச்சு. பையன் ரீலை மடிச்சு வெச்சுட்டு தாத்தா பக்கத்துல வந்து உக்காந்து, "தாத்தா எனக்கும் ஒரு கம்பு"ன்னு கேட்டான். அவனுக்கு ஒரு கெண்டை மாட்டுச்சு, முக்கால் கிலோ இருக்கும், மூங்கில் கம்பு வளைஞ்சு நுனி தண்ணியைத் தொட்டுச்சு, கரையேத்துறதுக்குள்ள கம்பை ரெண்டு தடவை விடப் பாத்தான். பதினோரு மணிக்கு மேல ஒண்ணும் இல்ல. வெயில் ஏறிடுச்சு, பிள்ளைங்களுக்கும் போரடிச்சுது, கிளம்பிட்டோம். சாயங்காலம் வரைக்கும் இருக்கிறதாவே திட்டம் இல்ல, மலை அடிவாரத் தண்ணி எல்லாத்துக்கும் இருட்டினா மிருகம் இறங்கும், கோடையில இன்னும் சீக்கிரம் வரும், திரும்ப மலை ஏறுறதும் வெளிச்சம் இருக்கும்போதே முடிஞ்சுரணும்.

காவக்காரர் கைத்தராசுல மாட்டிப் பாத்தாரு, ரெண்டரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல. குஞ்சுகளை எல்லாம் அப்பவே விட்டாச்சு. மீனை அங்கயே ரோட்டோரக் கடையில கழுவி வெட்டிக் குடுக்கச் சொல்லி, மூடி போட்ட கேன்ல ஐஸ் வெச்சு எடுத்துட்டுப் போனோம். கேம்ப் சைட்டுல மீனை வெட்டி செதிலும் குடலும் போட்டா காட்டுப்பன்னி வரும், அதனால வேலை எல்லாம் கீழயே. மதியம் தோட்டக்காரர் வீட்டம்மா கெண்டையை மாங்காய் போட்டுக் குழம்பு, ஜிலேபியை அவங்க தோட்டத்து மிளகு இடிச்சுப் போட்டு வறுவல் பண்ணிக் குடுத்தாங்க. மீனுன்னா முகத்தைத் திருப்புற என் பொண்ணு, தான் பிடிச்சதுன்னு தேடி எடுத்துச் சாப்பிட்டா.

செலவு. ரெண்டு ராத்திரி தங்கினதுக்கு டென்ட்டு, சாப்பாடு எல்லாம் சேத்து எட்டு பேருக்கு ஒன்பதாயிரம் சுமாருக்கு வந்துச்சு. மீன் பிடிச்ச கணக்கை மட்டும் தனியா எடுத்தா தூண்டிலுக்கு நூறு வீதம் நானூறு, மீனுக்கு கிலோ நூத்தம்பது போட்டு நானூறு, கம்பு, நரம்பு, முள்ளு, இரை முன்னூத்தம்பது, வெட்டுக்கூலி ஐம்பது, காவக்காரருக்கு நாங்களா குடுத்தது இருநூறு. ஆயிரத்து நானூறுல எட்டு பேருக்கும் ஒரு காலைப் பொழுதும் மதியச் சாப்பாட்டு மீனும். பேக்கேஜ்காரங்க ஒரு ஆளுக்கே இதை விட அதிகமா சொன்னாங்க. லைஃப் ஜாக்கெட் மூணு பிள்ளைங்களுக்கும் தெரிஞ்சவங்க கிட்ட இரவல் வாங்கினது, இல்லன்னா காசு குடுத்தே வாங்கியிருப்பேன், முழங்கால் தண்ணின்னாலும் கழட்ட விடல. பிள்ளைக்கு ஒரு பெரியவங்கன்னு முன்னாடியே பிரிச்சுக்கிட்டோம், அந்தப் பெரியவங்க கையில ஃபோன் இருக்கக் கூடாதுன்னு அக்கா போட்ட ரூல், ரொம்பச் சரியான ரூல்.

சரியா வராத விஷயமும் உண்டு. மலைக்கும் கண்மாய்க்கும் போய் வர்றதுல ரெண்டு மணி நேரம் போயிடுது, வாந்தி எடுக்குற பிள்ளை இருந்தா ரெண்டாவது நாள் போக மனசு வராது, நாங்களும் போகல. அப்படிப்பட்டவங்க அடிவாரத்துலயே தோப்பு வீட்டுல தங்கிட்டு ஒரு நாள் மட்டும் மலை ஏறலாம், ஆனா கொசு அதிகம், மலைக் குளிரும் கிடைக்காது. அருவி பாக்கணும்னு பையன் கேட்டான், புல்லாவெளிக்குக் கூட்டிட்டுப் போகல, பாறை வழுக்கி உயிர் போன இடம் அது. இங்க இருந்து கொடைக்கானலுக்கும் எட்டிப் பாத்துட்டு வரலாம்னு நெனக்கிறவங்க இ-பாஸ் எடுத்துட்டுப் போங்க, 2024 மே மாசத்துல இருந்து கட்டாயம், அஞ்சு லிட்டருக்கு உள்ள பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு இருபது ரூபாய் வரியும் இருக்கு.

கோடை லீவுலதான் போக முடியும்கிறவங்களுக்கு இன்னொரு வழி. சித்திரை, வைகாசியில கண்மாய் வத்தும்போது இந்தப் பக்கம் ஊர்கள்ல மீன்பிடித் திருவிழா வைப்பாங்க, நத்தம் பக்கம் நிறைய. ஊர்ப் பெரியவங்க துண்டை வீசினதும் ஊத்தா, கச்சா மாதிரி மீன்பிடிக் கூடை, வலைன்னு கையில கிடைச்சதோட மொத்த ஊரும் இறங்கிரும், பைசா குடுக்க வேண்டாம். சின்னப் பிள்ளைங்களோட கரையில நின்னு பாருங்க, இறங்காதீங்க, சகதியும் கூட்டமும் தாங்காது. அக்கா பையன் வயசுன்னா மாமா கையைப் பிடிச்சுகிட்டு ஓரத்துல இறங்கலாம்.

கடைசியா ஃபோன் நம்பர் விஷயம், என்கிட்ட குத்தகைக்காரர் நம்பர் கேக்குறவங்களுக்காக. மீன்பாசி குத்தகை பசலி வருஷக் கணக்கு, ஜூலை 1ல ஆரம்பிச்சு ஜூன் 30ல முடியும். அதுக்கப்புறம் ஏலம் வேற ஆளு எடுத்திருக்கலாம், என்கிட்ட இருக்கிற நம்பர் உதவாது. ஜூலைக்கு அப்புறம் போறவங்க கண்மாய்க்குப் பக்கத்து டீக்கடையில இந்த வருஷம் குத்தகை யாருன்னு கேளுங்க, கையோட தண்ணி எவ்வளவு நிக்குதுன்னும் கேட்டுக்கோங்க. ஐப்பசி மழை சரியா விழலன்னா கண்மாய் பாதி கூட நிறையாது, அந்த வருஷம் குஞ்சே விட்டிருக்க மாட்டாங்க.